உள்பக்கக் கைப்பிடி

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது இல்லை. எனக்கே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் யாரிடமும் சத்தியம் செய்யப்போவதில்லை. மணி எத்தனை, சத்தம் எத்தனை முறை கேட்டது என்பது வரை ஞாபகம் இருக்கிறது, அதை அப்படியே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ராத்திரியில் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். வெளியே சுள்ளென்று வெயில். நாய் ஊளையிட வேண்டும், மணி பன்னிரண்டு அடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். நானும் அதுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பல் கட்டுகிறவன். டாக்டர் இல்லை. டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். அதைப் பார்த்துப் பல்லைச் செய்து கொடுக்கிற ஆள். இருபத்தேழு வருஷமாக இதே வேலை. தலைமுடி அளவு பிசகினாலும் பல் வாயில் உட்காராது, திரும்பி வந்துவிடும். அதனால் எனக்குக் கையும் நிதானம், தலையும் நிதானம். என் மனைவியைக் கேட்டால், "இவருக்குக் கற்பனைங்கறதே கிடையாது" என்பாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை, அது வேறு விஷயம்.

வாரத்தில் ஆறு நாள் பல். ஏழாவது நாள் ரயில். மனைவி அதைப் பொம்மை ரயில் என்பாள். அது பொம்மை இல்லை என்று நானும் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிஜமான ரயில் பெட்டி ஒன்றை அங்குலம் அங்குலமாக அளந்து, அதைக் கையகலத்துக்குச் சுருக்கி, பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்துப் பாகங்களை வெட்டி அனுப்புவார்கள். அதற்குப் பெயர் கிட். தகட்டில் ஒவ்வொரு பாகமும் சின்னக் காம்பு ஒன்றால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காம்பை வெட்ட வேண்டும். அரத்தால் ராவ வேண்டும். கோடு இருக்கும் இடத்தில் மடிக்க வேண்டும். பிறகு அயன் என்கிற மின் சூட்டுக்கோலால் சோல்டரை, அதாவது ஈயக் கம்பியை, உருக்கிப் பற்றவைக்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் பிடிக்கும்.

அன்று என் மேசையில் இருந்தது ஓர் ஐஸ் வண்டி. அந்தக் காலத்தில் மீனையும் இறைச்சியையும் ஐஸ் பாளங்களோடு ஏற்றிப்போன சரக்குப் பெட்டி. கனமான சுவர். ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு கதவு. அதையும் வெளியிலிருந்துதான் தாழ்போட்டு இறுக்குவார்கள், உள்ளே இருக்கும் குளிர் கசியாமல் இருக்க. கிட் செய்பவர் தனி ஆள். வீட்டிலேயே செய்து தபாலில் அனுப்புகிறவர். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய வேலை சுத்தம். ஆணித் தலைகள்கூட ஒன்று விடாமல் இருந்தன.

நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்து, அன்று ஐந்தாவது. மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். அக்காவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"ஆறு மணிக்குள்ள வந்துடறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க. அந்தப் புகையில மூச்சு முட்டி விழுந்து கிடக்காதீங்க."

"விழுந்தா ஆறு மணிக்கு வந்து எழுப்பு."

"எழுப்பறேன், எழுப்பறேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். மணி 1:15.

என் வேலை அறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. பழைய சாமான் போட்டுவைத்திருந்த அறை. பத்தடிக்கு ஆறடி. ஜன்னல் இல்லை. புகை போக மேலே சுவரில் ஓட்டை போட்டு ஒரு விசிறி வைத்திருக்கிறேன். ஒரு கதவு, அதில் உருண்டையாக ஒரு பித்தளைக் குமிழ். மேசையில் ஒரு சின்ன மின் கடிகாரம், மணியோடு அறையின் சூட்டையும் காட்டும். பெயிண்ட் காய அது தெரிய வேண்டும். போனை உள்ளே கொண்டுபோக மாட்டேன். போன மாதம் ஒரு போன் அமிலக் கிண்ணத்துக்குள் விழுந்து செத்தது. அதிலிருந்து மனைவியின் உத்தரவு.

செய்முறைத் தாளில் பதினாலாவது படி: கூரையை வைத்துப் பற்றவைக்கவும். 1:30-க்கு ஆரம்பித்தேன். கூரை என்பது ஒரே வளைவான தகடு. ஒரு மூலையில் தொட்டு, எதிர் மூலையில் தொட்டு, பிறகு ஓரம் முழுக்கச் சோல்டரை ஓடவிட வேண்டும். அன்று என்னவோ கை அப்படி அமைந்தது. கோடு போட்ட மாதிரி ஓடியது. 1:52-க்கு முடிந்தது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

தாளை மடித்து வைக்கலாம் என்று எடுத்தேன். எதற்கோ திருப்பினேன். பின்பக்கத்தில், கீழே, ஒரே ஒரு வரி.

'15. உள்பக்கக் கைப்பிடியை, பாகம் 41, கதவின் உட்புறம் பற்றவைக்கவும். கூரையை மூடுவதற்கு முன் செய்யவும். விட்டுவிட வேண்டாம்.'

எனக்குச் சுர்ரென்று வந்தது. இந்தக் கிட் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இந்த வயிற்றெரிச்சலைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்த பிறகு, 'இதற்கு முன் அதைச் செய்திருக்க வேண்டும்' என்று ஒரு வரி வந்து நிற்கும். எழுதுகிறவருக்கு வரிசை தெரியாதா? பதினாலுக்கு முன் செய்ய வேண்டியதைப் பதினைந்து என்று போட்டால் மனுஷன் என்ன செய்வான்?

வெட்டிமுடித்த வெறும் சட்டத்தைப் பார்த்தேன். மூலையில் அந்தப் பாகம் இருந்தது. நாலு மில்லிமீட்டர் நீளம். எறும்புக்குக் கைப்பிடி செய்த மாதிரி. பக்கத்தில் 41 என்று பொடி எழுத்து. இத்தனை நாளில் அது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை.

கூரையைக் கழற்றினால் அந்த அழகான ஓரம் நாசம். ஜன்னல் இல்லாத வண்டி. மூடியாகிவிட்டது. உள்ளே கைப்பிடி இருக்கிறதா இல்லையா என்று எவன் பார்க்கப்போகிறான்?

"யாருக்குத் தெரியப்போகுது" என்று வாய்விட்டே சொன்னேன். சட்டத்தை இரண்டாக மடித்துக் கழிவு டப்பாவில் போட்டேன். மணி 2:05.

இங்கேதான் நான் தப்பு செய்தேன்.

2:11. தண்ணீர் குடிக்கலாம் என்று அயனை அதன் தாங்கியில் வைத்தேன்.

டக்.

வண்டிக்குள்ளிருந்து. சோல்டர் துளி ஏதாவது உதிர்ந்து உள்ளே கிடக்கும் என்று நினைத்தேன். சகஜம்தான்.

டக்... டக்.

வண்டியை நான் தொடவில்லை. மேசையை நான் தொடவில்லை. சூடான தகடு ஆறும்போது இப்படிச் சத்தம் வரும், அதுவும் சகஜம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு ஆறியிருக்கிறது பார்ப்போம் என்று கூரையில் விரலை வைத்தேன்.

வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன். சுட்டதால் இல்லை. சில்லென்றிருந்தது. இருபது நிமிஷத்துக்கு முன் சோல்டர் ஓடிய தகடு. பித்தளை ஆறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறைச் சூட்டுக்கும் கீழே எப்படி ஆறும்? அது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரை மேல் பொடிப்பொடியாகத் தண்ணீர் முத்துகள் அரும்பின.

கடிகாரத்தைப் பார்த்தேன். 2:16. சூடு 26 டிகிரி. நான் உள்ளே வரும்போது 33.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அயனிலிருந்து எழுந்த புகை விசிறியை நோக்கிப் போகவில்லை. நேராக மேலே போய், அறையின் கூரையில் தட்டி, அங்கேயே நின்றது.

காற்று வேண்டும் என்று எழுந்தேன். கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தால் சரியாகிவிடும். இரண்டு எட்டில் கதவு. குமிழைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

கையில் மரம்தான் பட்டது.

குமிழ் இல்லை.

உடைந்து விழவில்லை. அப்படியென்றால் ஓட்டை இருக்கும், திருகு இருந்த தடம் இருக்கும். எதுவும் இல்லை. வழுவழுவென்று மரம். அதன் மேல் சீராகப் பெயிண்ட். அந்தக் கதவில் எந்தக் காலத்திலும் கைப்பிடி இருந்ததே இல்லை என்பதுபோல.

ஐந்து விரலாலும் தடவினேன். மேலே, கீழே, ஓரம். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நகம்கூட நுழையவில்லை.

2:24. 19 டிகிரி.

விசிறிச் சத்தம் நின்றது. அண்ணாந்து பார்த்தேன். இறக்கைகளுக்கு நடுவே எப்போதும் வெளி வெளிச்சம் தெரியும். இப்போது இருட்டு.

எனக்குக் கூச்சம் எல்லாம் போய்விட்டது. "யாராவது இருக்கீங்களா!" என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டில் டி.வி. அலறும். அந்த டி.வி. கூடக் கேட்கவில்லை. என் சத்தம் சுவரில் பட்டு அப்படியே செத்தது. பஞ்சுக்குள் கத்துவதுபோல் இருந்தது.

கையை மடக்கிக் கதவை ஓங்கிக் குத்தினேன். மூன்று குத்து.

டம். டம். டம்.

எனக்குப் பின்னால், மேசையில்...

டிக். டிக். டிக்.

திரும்பினேன். ஐஸ் வண்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுபடி கதவைக் குத்தினேன். இந்த முறை இரண்டு.

வண்டிக்குள்ளிருந்து இரண்டு.

2:31. 12 டிகிரி. மேலே ஒரு பனியன்தான் போட்டிருந்தேன். மேசைக்கு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. இடுக்கியை எடுத்து வண்டியின் கூரையை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன்.

டிங்.

என் தலைக்கு மேலே, அறையின் கூரை முழுக்க, இடி மாதிரி...

டாம்ம்ம்.

மேலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து என் தோளில் விழுந்தது.

இடுக்கியைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல், ரொம்ப மெதுவாக வைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள். முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆறு மணிக்கு அவள் வருவாள். ஆறு மணிக்கு இன்னும் மூன்றரை மணி நேரம். சூடு ஏழெட்டு நிமிஷத்துக்கு ஏழு டிகிரி இறங்குகிறது. கணக்குப் போட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவள் வரும்போது என்னை எழுப்ப முடியாது.

2:48. 3 டிகிரி.

வாயிலிருந்து புகை வந்தது. மூச்சுப் புகை. வெள்ளையாக வந்து, முகத்துக்கு எதிரே கரைந்தது.

ஒன்று.

இன்னொன்று.

பிறகு பார்த்தேன்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அப்போதும் ஒரு புகை வந்தது. எனக்கு நாலடி தள்ளி, கதவோரம். ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் அவன் வாய் இருக்கும் உயரத்தில்.

வந்தது. கரைந்தது.

வந்தது. கரைந்தது.

ஆள் இல்லை. மூச்சு மட்டும்.

நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் கடிகாரம் 3:07 காட்டியபோது வெளியே ஒரு சத்தம் கேட்டது. இடியும் இல்லை, லாரியும் இல்லை. ரொம்பப் பெரிய, ரொம்ப மந்தமான சத்தம். ஏறி இறங்கியது. நடுவில் நின்றது. மறுபடி வந்தது.

பேச்சு மாதிரி.

அப்போது அறை சாய்ந்தது.

பூகம்பம் என்றுதான் நினைத்தேன். தரை அப்படியே ஒரு பக்கம் தூக்கியது. நான் வழுக்கிப்போய் எதிர்ச் சுவரில் மோதினேன். இடது தோள். உடனே மறுபக்கம் சாய்ந்தது. உருண்டேன். அரங்கள், சக்கரங்கள், பெயிண்ட் டப்பாக்கள் எல்லாம் என்மேல் வந்து விழுந்தன. மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம்.

பிறகு நின்றது. தரை சமமானது.

மேசையில் இருந்தவை எல்லாம் உருண்டு விழுந்திருந்தன. ஐஸ் வண்டி மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

கழிவு டப்பா கவிழ்ந்து, பித்தளைத் துண்டுகள் தரை முழுக்கச் சிதறியிருந்தன. என் முகத்துக்கு எதிரே அந்தச் சட்டம். மடித்துப் போட்டிருந்த சட்டம். மூலையில் 41.

விட்டுவிட வேண்டாம்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பயத்தில் வந்த புத்தி. சரியா தப்பா என்று யோசிக்கவில்லை. எழுந்தேன். அயன் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. நுனி இன்னும் சூடு. அந்த அறையில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

கூரை ஓரத்தில் அயனை வைத்தேன். சோல்டர் உருகவில்லை. குளிர் சூட்டை உறிஞ்சியது. அழுத்திப் பிடித்தேன். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஓரம் பளபளத்தது. கத்தியைச் செருகி நெம்பினேன். மேலே அறையின் கூரை கிரீச்சென்றது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முடித்திருக்க மாட்டேன்.

தரையில் கிடந்த கடிகாரத்தில் 3:26. பூஜ்யத்துக்குக் கீழே 4.

கூரை ஒரு பக்கம் திறந்தது. உள்ளே பார்த்தேன்.

உள்ளே ஒன்றுமில்லை. எடைக்காக நான் வைத்த ஈயக்கட்டி, அவ்வளவுதான். ஆனால் கதவின் உட்புறத்தில்... நான் அரத்தால் ராவி வழவழப்பாக்கிய தகட்டில்... கீறல்கள். மெல்லிய கீறல்கள். மேலிருந்து கீழே. நாலு நாலாக.

பாகம் 41-ஐ வெட்டினேன். விரல் மரத்துப்போயிருந்தது. இடுக்கியால் எடுத்தேன். பிடி வழுக்கியது.

பாகம் பறந்தது.

இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். இடுக்கியிலிருந்து தெறித்த பாகம் கிடைக்காது. வெளிச்சத்தில், நிதானமாக, டார்ச் அடித்துத் தேடினாலும் கிடைக்காது. நான் மண்டியிட்டேன். தரையெல்லாம் தடவினேன். உறைபனி கையில் ஒட்டியது. எங்கே பார்த்தாலும் பித்தளைப் பொடி. எல்லாம் ஒரே மாதிரி மின்னியது.

போச்சு என்று நினைத்தேன்.

என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு.

என்னுடையது இல்லை.

அது என்னைத் தாண்டிப் போனது. மெல்ல. மேசைப் பக்கம். மேசைக்கு மேலே ஒரு வெள்ளைப் புகை எழுந்தது. கரைந்தது.

எழுந்து பார்த்தேன்.

மேசையின் நடுவில், வண்டிக்குப் பக்கத்தில், இடுக்கி முனைக்கு நேராக, பாகம் 41.

நான் அதை அங்கே வைக்கவில்லை.

எடுத்தேன். கதவின் உட்புறம் வைத்தேன். அயனால் தொட்டேன். முதல் தடவை ஒட்டவில்லை. இரண்டாவது தடவை ஒட்டவில்லை. பக்கத்தில் மூச்சு வேகமாக வந்தது.

மூன்றாவது.

ஒட்டியது. 3:41.

எனக்குப் பின்னால் டக் என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். கதவில் குமிழ் இருந்தது.

அது தானாகத் திரும்பியது. நான் ஐந்தடி தள்ளி நிற்கிறேன். அது திரும்பியது. கதவு திறந்தது. முகத்தில் அறைவதுபோல் வெயில். என்னை ஒட்டிச் சில்லென்று ஏதோ ஒன்று ஓடியது. முதலில் அது வெளியே போனது.

பிறகு நான் போனேன். தவழ்ந்துதான் போனேன்.

கூடத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள், போனைக் கையில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"ஐயோ, என்னங்க இது! எங்க போய்த் தொலைஞ்சீங்க? உதடெல்லாம் இப்படி நீலமா..."

போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். வெயில் நேரத்தில் எனக்குப் பல் கட்டிக்கொண்டது. பல் கட்டுகிறவனுக்கே பல் கட்டிக்கொண்டது என்று பிறகு சிரித்தாள். அன்று சிரிக்கவில்லை.

கொஞ்சம் சூடு வந்ததும், "நீ எப்ப வந்தே?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்கே வந்துட்டேன். அக்காவோட சொட்டு மருந்து நம்ம ஃபிரிட்ஜுலயே இருந்துடுச்சு. எடுக்க வந்தா உங்களைக் காணோம். வாசல் கதவு திறந்து கிடக்கு, போன் இங்கயே இருக்கு. எனக்கு உயிரே போச்சு."

"அறைக்குள்ள பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா? முதல்ல அங்கதானே போனேன். கதவைத் திறந்தேன். யாருமே இல்லை. அயன் மட்டும் சூடா இருந்துச்சு. மேசை மேல அந்த வண்டி இருந்துச்சு."

நான் அவளையே பார்த்தேன்.

"இதுக்குத்தானா இந்தப் பாடு, எங்கதான் போனாரு இந்த மனுஷன்னு புலம்பிக்கிட்டே அதைக் கையில எடுத்தேன். உள்ள ஏதோ இருந்துச்சு. என்னன்னு ரெண்டு தரம் ஆட்டிப் பாத்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுச்சு. வச்சுட்டேன்... ஏங்க அப்படிப் பாக்கறீங்க?"

தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காலை 10:20-க்குக் கிட் செய்தவருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் வைத்துவிடுவார். பதினைந்தாவது படியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"பதினஞ்சா? என் தாள்ல பதினாலு படிதான் சார் இருக்கு. பின்பக்கம் வெறும் வெள்ளை."

"பாகம் 41?"

"மொத்தமே நாப்பது பாகம்தான். தகடு அப்படியே அமிலத்துல அரிச்சு வர்றது. நடுவுல ஒண்ணை யாரும் சேக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் அளவெடுத்தது ஓரங்கட்டி வச்சிருந்த ஒரு நிஜ வண்டி. சரக்கு ஏத்தறவர் ஒருத்தர் உள்ள இருக்கறது தெரியாம வெளியே தாழ் போட்டுட்டாங்களாம். மறுநாள்தான் திறந்தாங்க. அதுக்கப்புறம் அதை ஓட்டவே இல்லை. அந்தக் கதவுல உள்பக்கம் கைப்பிடியே கிடையாது சார். அப்புறம் நான் எப்படி அதைப் போடுவேன்?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இதைக் கேட்டு வர்ற ரெண்டாவது போன் இது" என்றார். "முதல்ல கேட்டது ஒரு அம்மா. நாலு வருஷம் ஆச்சு. அவங்க வீட்டுக்காரர் வாட்ச் ரிப்பேர் பண்றவர். என்கிட்ட இதே வண்டியை வாங்கினார். ஒரு நாள் சாயங்காலம் வேலை அறைக்குள்ள போனவர்தான். அப்புறம் ஆளைக் காணோம். போலீஸ்லாம் தேடினாங்க. இன்னிவரைக்கும் கிடைக்கல. பதினஞ்சாவது படின்னா என்னன்னு அந்தம்மா கேட்டப்ப, பாவம், துக்கத்துல ஏதோ சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

"அவர் செஞ்ச வண்டி?"

"வீட்டுல வச்சுக்க மனசில்லைன்னு எனக்கே அனுப்பிட்டாங்க. இங்க அலமாரியிலதான் நாலு வருஷமா இருக்கு. அற்புதமான வேலை சார். கூரையைப் பத்தவச்ச அழகைப் பாக்கணும் நீங்க. ஒரே ஒரு குறை, உள்ள சோல்டர் துண்டு ஏதோ கிடக்கு போல. இருங்க, எடுக்கறேன்... பாருங்க, ஆட்டினா உருளுது. கேக்குதா?"

கேட்டது. போன் வழியாகவே தெளிவாகக் கேட்டது.

"ஆட்டாதீங்க" என்றேன். "சார், தயவுசெஞ்சு ஆட்டாதீங்க. கீழ வைங்க."

"சரி சரி, வச்சுட்டேன். ஏன் சார், என்ன ஆச்சு?"

என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் அவர் பேச்சும் நின்றுவிட்டது. இருவரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"சார்..." என்றார் மெதுவாக. "வண்டி மேசை மேல இருக்கு. நான் தள்ளி நிக்கறேன்."

சத்தம் நிற்கவில்லை.